என் பெயரில் ஒரு முயல்

என் கணவர் போனபின் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். மீதிப் பேர் என் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி பீரோவைப் பார்த்தார்கள். ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அந்த எலி மேல்தட்டுலதானே இருந்தது மாமி?" என்று கேட்டார். என் கணவர் உட்காரும் நாற்காலி வழியில் கிடந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டு பீரோவுக்கு இன்னும் கிட்டே போனார். நான் மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை நின்று எரிச்சல் ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான்.

பீரோவுக்குள் இருப்பவை ஜப்பானிய மிருகங்கள். ஒவ்வொன்றும் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தாண்டாது. நெட்சுகே என்று பெயர். அந்தக் காலத்து ஜப்பான்காரர்களின் உடையில் பை கிடையாது. புகையிலைப் பையையோ மருந்து டப்பியையோ கயிற்றில் கட்டி இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். கயிறு நழுவி விழாமலிருக்க மேல்முனையில் ஒரு குமிழ் வேண்டும். அந்தக் குமிழைத்தான் எலியாகவும் குரங்காகவும் தவளையாகவும் செதுக்கினார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகும்போது வெளியே தெரியும் வெள்ளிக் கொக்கி மாதிரி. விஷயம் இவ்வளவுதான். இதற்குத்தான் ஊர் ஊராக ஆட்கள் தூக்கம் கெட்டுத் திரிகிறார்கள்.

முதல் மிருகம் எங்கள் வீட்டுக்குக் கத்தரிக்காய்க்குப் பதிலாக வந்தது. நஞ்சன்கூடு தொழிற்சாலையில் அவருக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஒரு விடுமுறை நாளில், ஈரன்கெரே கத்தரிக்காய் வாங்கி வரச்சொல்லி மைசூர் தேவராஜா மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் பழைய சாமான் கடை ஒன்று உண்டு. பித்தளைக் குழாய், கதவுக் கைப்பிடி, ஓடாத கடிகாரம் என்று குவித்திருப்பார்கள். அந்தக் குவியலில் ஒரு மரக்குரங்கு கிடந்திருக்கிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த குரங்கு. வெறும் பையோடும் அந்தக் குரங்கோடும் வந்தார். மத்தியானம் சாதத்துக்கு வெறும் ரசம்தான். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த வெர்னியர் காலிப்பரை வைத்து குரங்கின் தலையை அளந்துகொண்டிருந்தார்.

அது என்ன பொருள் என்று இணையத்தில் தேடித் தெரிந்துகொண்ட பிறகு மனிதர் அதிலிருந்து திரும்பவே இல்லை. குரங்குக்குத் துணையாகத் தவளை வந்தது. ஒசாகாவுக்கு வேலையாகப் போன யாரோ எலி கொண்டுவந்தார்கள். பெங்களூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது காளை கிடைத்தது. தந்தத்தில் செய்ததை மட்டும் தொடமாட்டார். "தந்தம் வேண்டவே வேண்டாம், ஃபாரஸ்ட்காரன் வாசல்ல வந்து நிப்பான்" என்பார். ஆகையால் எல்லாம் மரம், அல்லது கொம்பு. மரம் வெடிக்காமலிருக்க பீரோவுக்குள் எப்போதும் ஈரப்பதம் வேண்டுமாம். அதற்காக ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். கல்யாணத்தில் எனக்கு என் அம்மா கொடுத்த வெள்ளிச் சந்தனக் கிண்ணம்தான் அந்தக் கிண்ணம். "அளவு கச்சிதமா இருக்கு" என்றார். என்னைக் கேட்டாரா என்று நீங்கள் கேட்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் போன்ற நாலைந்து பேர் வந்து கூடுவார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓய்வை எதிர்பார்த்திருந்தவர்கள். நான் காபி போட்டுக்கொண்டே இருப்பேன். அவர்கள் பேச்சு அடுக்களை வரை கேட்கும். முகத்தைப் பார்க்கிறவன் சேகரிப்பாளன் இல்லையாம், திருப்பி வயிற்றைப் பார்க்கிறவன்தானாம். அடியில் கயிறு கோக்க இரண்டு துளைகள் இருக்கும். முடிச்சு உள்ளே மறைய வேண்டும் என்பதால் ஒன்று சற்றுப் பெரியது. அந்தத் துளையின் விளிம்பு கயிறு உரசித் தேய்ந்திருந்தால் நிஜம். கூர்மையாக இருந்தால் நேற்று செய்த போலி. போலிகளுக்குப் பழமை வர டீத்தண்ணீரில் ஊறப்போடுவார்களாம். யாரும் பார்க்காத உள்ளங்காலில்கூட நகக்கீறல் வரை செதுக்கியிருப்பதைக் காட்டி ஒருவர் "அடடா" என்பார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். காபி ஆறிப்போவது மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்த வரிசையில் ஒருநாள் முயல் வந்தது. காதை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு, முன்னங்காலை மடக்கி, உடம்பை உருண்டையாக்கிக்கொண்டு உட்கார்ந்த முயல். ஒரு காதின் நுனி உடைந்திருந்தது. கண்ணுக்குப் பதித்திருந்த மணிகளில் ஒன்று சிவப்பு, இன்னொன்று பின்னால் யாரோ வைத்த கறுப்பு. ஜப்பான்காரர்களுக்கும் பன்னிரண்டு வருஷச் சுற்று உண்டு, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகம். அந்தக் கணக்குப்படி நான் முயல் வருஷத்தில் பிறந்தவளாம். "இது உனக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த மாதிரி வார்த்தை வருவது அபூர்வம். நான் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினேன். அவர் முயலை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பீரோ சாவி அவர் பூணூலில் இருந்தது. வீட்டில் மற்ற சாவிகளெல்லாம் ஆணியில் தொங்கும். இது மட்டும் அவர் நெஞ்சில். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அங்கேதான். சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் கையலம்பி, பீரோவைத் திறந்து, ஒரு மிருகத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே செய்தி பார்ப்பார். பல நாள் அது என் முயலாகத்தான் இருக்கும். அவர் கட்டைவிரல் அதன் முதுகில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். பக்கத்து நாற்காலியில் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அந்த விரல் என் பக்கம் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒரு மரத்துண்டின்மேல் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று எனக்கே வெட்கமாக இருக்கும். பொறாமை மட்டும் குறையாது.

ஒரே ஒரு தடவை கேட்டேன். என் பிறந்தநாள் அன்று. "அந்த முயலைக் கொஞ்சம் குடுங்கோ, கையில வச்சுப் பாக்கறேன்."

"கையெல்லாம் எண்ணெயா இருக்கு பாரு. அலம்பிண்டு வா."

சோப்புப் போட்டு அலம்பிக்கொண்டு வந்தேன். அதற்குள் பீரோ பூட்டியிருந்தது. "ஈரக்கையோட தொடக்கூடாது. சும்மா அவசரப்படாதே, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். நாளைக்கு அவர் மறந்துபோனார். நான் மறுபடி கேட்கவில்லை. என் பெயரில் இருக்கும் பொருளைப் பிச்சை கேட்கிற மாதிரி கேட்க எனக்கு வரவில்லை.

ஆனால் எங்கள் மகளுக்கு இந்த முயல் கதை உயிர். அவள் பெங்களூரில் இருக்கிறாள். யாரைப் பார்த்தாலும் சொல்வாள்: எங்க அப்பா வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார், ஆனா அம்மா பிறந்த வருஷத்து மிருகத்தைத் தேடிப் பிடிச்சு வாங்கிக் குடுத்தார். மாப்பிள்ளையிடம் அதைச் சொல்லிக்காட்டி சண்டைகூடப் போட்டிருக்கிறாள். அவள் சொல்லும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அடிக்கடி கேட்டதில் எனக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அந்த மனிதருக்குக் கொடுக்கத் தெரியாது, ஆனால் எனக்கென்று ஒன்று வைத்திருக்கிறார் என்று. அந்த ஒன்றை வைத்துத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

அவருக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் உறையில் மோதிரம், கைக்கடிகாரம், பீரோ சாவி மூன்றையும் போட்டு என்னிடம் கொடுத்தாள். பத்தாம் நாள் காரியத்துக்குள் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் ஒன்றாக வந்தார்கள். ஒரு தடவை பார்க்கலாமா என்று மகளிடம் கேட்டார்கள். அவளும் அப்பாவின் நண்பர்கள்தானே என்று பீரோவைத் திறந்துவிட்டாள்.

அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற கண் டாக்டர். எங்களைப் போலவே தலைமுறை தலைமுறையாக மைசூரில் இருக்கும் குடும்பம். என் கணவருக்கு மிகவும் நெருக்கம். மற்றவர்கள் விலகிய பிறகும் அவர் பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தார். கை உள்ளே போனது. வெளியே வந்தபோது மூடியிருந்தது. மூடிய கை அப்படியே பேண்ட் பைக்குள் போனதை நான் பார்த்தேன். பாயில் உட்கார்ந்தபடி, இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். பிறகு அவரைக் காணோம். துக்க வீட்டிலிருந்து போகும்போது யாரும் சொல்லிக்கொண்டு போகக்கூடாது அல்லவா? திருடுவதற்கு இதைவிட வசதியான வீடு கிடையாது.

கூட்டம் கலைந்ததும் போய்ப் பார்த்தேன். முயல் இருந்த இடத்தில் துணியில் வட்டமாக ஒரு தடம். மற்ற எல்லா மிருகங்களும் இருந்தன.

மகள் முதலில் வேலைக்கு வரும் அம்மாவைச் சந்தேகப்பட்டாள். "அவ மேல பழி போட்டியானா உன் முகத்துல முழிக்கமாட்டேன்" என்றேன். டாக்டரின் கையைப் பற்றிச் சொன்னதும் அவள் கொதித்துப் போனாள். அன்றைக்கே போய்க் கேட்கிறேன் என்றாள். நான்தான் தடுத்தேன். சாவு வீட்டில் ஒரு மரப்பொம்மைக்காகக் கூச்சல் போட்டாள் என்று என்னைப் பேசுவார்கள். காரியங்களெல்லாம் முடிந்தன. மழைக்காலம் வந்து போனது. நான் தினமும் அந்த வட்டத்தைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

என் கணவரின் கைபேசியை நான் அணைக்கவில்லை. அதில் அந்தச் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுச் செய்திகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் காலையில் அதில் ஒரு படம். நுனி உடைந்த காது, ஒரு கண் சிவப்பு, ஒரு கண் கறுப்பு. அனுப்பியவர் டாக்டர். கீழே "என் நண்பர் நினைவாக" என்று ஒரு வரி. அதற்குக் கைகூப்பிய பொம்மைகளும் இதயப் பொம்மைகளும் குவிந்திருந்தன. திருடினால் திருடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? முடியாது. நாலு பேர் பார்த்து "அடடா" சொல்லாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது.

மகளுக்கு போன் செய்து, "நானே போறேன்" என்றேன். ஆட்டோ பிடித்து ஜெயலட்சுமிபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

டாக்டர்தான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "வாங்கோ மாமி, உக்காருங்கோ" என்றார். நான் உட்காரவில்லை.

"முயல் எங்கே?"

அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்தார். பீரோவில்கூட இல்லை, பையில் வைத்திருந்தார்.

"மாமி, நான் திருடலை. அவரே குடுத்தார். ஆஸ்பத்திரியில பாக்கப் போனேன் இல்லையா, அன்னிக்கு. தலகாணிக்கு அடியில வச்சிண்டிருந்தார்."

"அவரோட முயல் இல்லை அது. எனக்குன்னு வாங்கினது."

"தெரியும். அதையும் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

அவர் தரையைப் பார்த்தார். "விடுங்கோ மாமி. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"சொல்லுங்கோ. கேட்டுட்டுத்தான் போவேன்."

"அவளுக்குன்னு ஆசையா வாங்கினேன் டாக்டர், ஒருநாள்கூட அவ அதைக் கையில எடுத்துப் பாக்கலை. அவளுக்கு இதுலல்லாம் மனசு போகாது. உங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும், வச்சுக்கோங்கோன்னார்."

பொய் சொல்கிறார் என்று கத்த நினைத்தேன். ஆனால் அது என் கணவரின் பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை அவர் பேசுகிற மாதிரியே இருந்தது.

"சாவி யார்கிட்ட இருந்ததுன்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. "எந்தச் சாவி?" என்றார்.

அவரிடம் விளக்கிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? "அப்ப எங்காத்து பீரோவுக்குள்ள ஏன் கையை விட்டேள்? கையை மூடிண்டு ஏன் போனேள்?" என்றேன்.

"திருப்பி வைக்கத்தான் கொண்டுவந்தேன் மாமி. ஆத்துக்காரர் போயிட்டார், இது உங்ககிட்ட இருக்கறதுதான் நியாயம்னு தோணித்து. பீரோ திறந்திருந்தது. உள்ளே கையை விட்டேன். விரல் பிரியலை. பழகிப்போச்சு. கையை மூடிண்டே வந்துட்டேன்." அவர் கட்டைவிரல் அதன் முதுகில் போனது. "இது கையோட பழகற பொருள். கை எண்ணெய் படப்படத்தான் இதுக்கு அழகே வரும். பீரோல வச்சா செத்துப்போயிடும்."

கை எண்ணெய் படப்பட அழகு வருமாம். என் கையில் எண்ணெய் இருக்கிறது என்றுதானே என் கணவர் என்னை அலம்ப அனுப்பினார்? சிரிப்பு வந்தது. டாக்டர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

முயலை மேஜைமேல் வைத்தார். "எடுத்துண்டு போங்கோ."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்திருக்கலாம். அந்தப் பெருந்தன்மை எனக்கு இல்லை. எடுத்துக்கொண்டேன். என் கையில் அது வந்தது அதுதான் முதல் தடவை. அவர் பையில் இருந்த சூடு இன்னும் இருந்தது. எங்கும் ஒரு முனை குத்தவில்லை. விரல்களை மடக்கினால் அதற்கென்றே செய்த மாதிரி உள்ளங்கைக்குள் அடங்கியது. கட்டைவிரல் தானாகப் போய் முதுகுப் பள்ளத்தில் உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தேன். வயிற்றில் இரண்டு துளை, ஒன்று பெரியது, விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பின்னங்காலின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், விரல் விரலாகப் பிரித்துச் செதுக்கியிருந்தான் அந்த ஜப்பான்காரன். அழகாக இருந்தது. மனசு போகாதாம் எனக்கு. இத்தனை வருஷம் ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு மனசு போகாதாம். அங்கேயே, அந்த ஆள் எதிரில், நான் அழுதுவிட்டேன். துக்கத்தால் இல்லை. ஆத்திரத்தால்.

டாக்டர் தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போதே மகள் அழைத்தாள். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. "என்னாச்சும்மா? ஒத்துண்டாரா?"

"ஒத்துண்டார்."

"எடுத்தேன்னு அவர் வாயாலயே சொன்னாரா?"

"சொன்னார்."

"சீ, என்ன மனுஷன்! டாக்டராம். அப்பா அவரைக் கூடப்பிறந்தவர் மாதிரி நினைச்சிண்டிருந்தாரே. குடுத்துட்டாரா? காட்டு, காட்டு."

முயலை கைபேசிக்கு முன்னால் பிடித்தேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா உனக்குன்னு வாங்கினதும்மா. பாரு, எப்படியோ உன் கைக்கே வந்து சேந்துடுத்து. இனிமே இதை பீரோல வைக்காதே, உன்கூடவே வச்சுக்கோ" என்றாள். சரி என்றேன்.

அவள் இன்னும் டாக்டரைத் திருடன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை, திருத்தப்போவதும் இல்லை. மகளுக்கு அவள் அப்பாவைக் கெடுக்க வேண்டாம் என்று பொய் சொன்னதாக யாராவது நினைத்தால் அது எனக்கு அதிகப்படியான கௌரவம். அவர் என்னைப் பற்றி வேறொருவரிடம் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனதை என் வாயால் திருப்பிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். திருட்டுப் போய்விட்டது என்றால் நாலு பேர் என் பக்கம் வந்து நிற்பார்கள். கட்டின புருஷன் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்றால், அதை நான் எங்கே போய்ச் சொல்வேன்?